பங்குனி, சித்திரையில் சிவனொளிபாதமலை: கொழும்பிலிருந்து முதல்முறை ஏறுபவர்களுக்கு

பங்குனி பிறந்தால் வெள்ளவத்தையில் இரவு பதினொரு மணிக்கும் மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றும். அந்த நாட்களில்தான் அலுவலகத்திலும் டியூஷன் வகுப்பிலும் "பாவாதமலைக்குப் போவோமா?" என்ற பேச்சு கிளம்பும், சிவனொளிபாதமலையின் இன்னொரு பெயர் அது. போங்கள். கட்டாயம் போக வேண்டிய மலை. ஆனால் இந்த இரண்டு மாதங்களில் அந்த மலை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நான் முதல்முறை ஏறியது ஒரு சித்திரை விடுமுறையில். வேகமாக ஏறி, விடியற்காலை மூன்று மணிக்கே உச்சிக்குப் போய்விட்டேன். வியர்வையில் நனைந்த ரீசேட்டோடு மூன்று மணிநேரம் காற்றில் நடுங்கினேன். சூரியன் வந்த பிறகு ஆசை தீரப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல்தான் இறங்கத் தொடங்கினேன். பாதி வழியில் முழங்கால் மடங்க மறுத்தது. மதியம் தாண்டியதும் இடி இடித்து மழை கொட்டியது. நனைந்த படியில் ஒவ்வொரு காலாக வைத்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு வந்துசேர மாலையாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று செய்த பிழைகளைத்தான் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வருபவர்கள் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மலையைப் புரிந்துகொள்ளுங்கள்

உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறினால் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம், சுமார் 5,500 படிகள். உயர மயக்கம் வரும் அளவுக்கு உயரமான மலை இல்லை. மூச்சு வாங்குவது படிகளால்தான்.

யாத்திரைப் பருவம் மார்கழியில் வரும் உந்துவப் போயா என்ற பௌர்ணமி நாளில் தொடங்கி வெசாக் போயாவில் முடியும். பெல்மடுல்ல கல்பொத்தாவல விகாரையிலிருந்து மலையின் காவல் தெய்வமான சமனின் சிலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து உச்சியில் வைப்பார்கள், பருவம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோவார்கள். அந்த ஐந்து மாதங்களும் வழி நெடுக விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும், ஆட்கள் இருப்பார்கள். வெசாக்கிற்குப் பிறகு விளக்கும் இல்லை, கடையும் இல்லை, தென்மேல் பருவமழை நேராக வந்து அந்த மலையில்தான் மோதும். முதல்முறை போகிறவர் அந்தக் காலத்தை நினைக்கவே வேண்டாம்.

பங்குனியும் சித்திரையும் இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, ஈரக் காற்று மேலெழும்பி, மதியத்திற்குப் பின் மேகம் கட்டும். இரண்டு மூன்று மணிக்குள் இடி, மின்னல், பெருமழை. சில நாட்களில் அது இரவு வரை நீளும். நள்ளிரவுக்குப் பின் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, மலை உங்களுக்குத் தரும் நேரம் நள்ளிரவிலிருந்து மதியம் வரைதான். உங்கள் திட்டம் முழுவதையும் அந்தப் பன்னிரண்டு மணிநேரத்துக்குள் அடக்க வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆறு வாரத்துக்கு முன்: மாடிப்படி

கொழும்பு தட்டையான ஊர். காலிமுகத்திடலில் தினமும் ஒரு மணிநேரம் நடப்பவரும் இந்த மலையில் திணறுவார், ஏனென்றால் அந்த நடையில் தொடைக்கு வேலையே இல்லை. நமக்கு இருக்கும் மலை அடுக்குமாடிப் படிக்கட்டுதான். ஒரு மாடி 3 மீற்றர் என்று வைத்தால், நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை 330 மாடி ஏறுவதற்குச் சமம். ஏழு மாடிக் கட்டடமென்றால் 47 தடவை. பயப்பட வேண்டாம், பயிற்சியில் அவ்வளவும் ஏறத் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று நாள், முதலில் இருபது நிமிடம், ஆறாவது வாரம் வரும்போது ஒரு மணிநேரம் நிற்காமல் ஏறி இறங்க முடிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். மலையில் காலை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அந்த வேலைக்குத் தசை பழகியிருக்காவிட்டால் பாதி வழியில் கால் தந்தி அடிக்கத் தொடங்கும். அடுக்குமாடியில் படியாலேயே இறங்குவதுதான் அதற்கான ஒரே பயிற்சி. கடைசி இரண்டு வாரமும் முதுகில் மூன்று கிலோ பையோடு செய்யுங்கள்.

இருதய நோய், கட்டுப்பாடில்லாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இனிப்பை எட்டும் பையில் வைத்திருங்கள். இரவு முழுக்க ஏறும்போது சீனி மளமளவென்று இறங்கிவிடும்.

நாளைத் தெரிவு செய்தல்

போயா நாளும் அதையொட்டிய சனி ஞாயிறும் வேண்டாம். சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையும் அப்படித்தான். உச்சிக்குக் கீழே படிகளில் வரிசை உறைந்து நிற்கும், ஒரு மணிநேரத்தில் பத்துப் படிகூட நகராத இரவுகள் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒரு அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. எண்பது வயது ஆச்சி ஒருவர் பேரன் தோளைப் பிடித்து ஏறிவருவதை அங்கேதான் பார்க்கலாம். ஆனால் முதல்முறை செல்பவருக்குச் செவ்வாய், புதன், வியாழன்தான் நல்லது. இரண்டு நாள் லீவு போட்டால் போதும்.

போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அதோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். 24 மணிநேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. நுவரெலியா, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களையும் பாருங்கள், ஏனென்றால் மலை மட்டுமல்ல, போகும் பாதையும் அவற்றுக்குள்தான் இருக்கிறது. மஞ்சள் இருந்தால் நான் நாளை மாற்றிவிடுவேன். செம்மஞ்சளுக்கு மேல் யோசிக்கவே இடமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தை எப்படிச் சிதைத்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எந்த வழி

பல வழிகள் உண்டு. கொழும்பிலிருந்து போகிறவர்கள் பேசுவது மூன்றைப் பற்றி: ஹட்டன் பக்கம் நல்லதண்ணி, குருவிட்ட பக்கம் எரத்ன, இரத்தினபுரி பக்கம் பலாபத்தல. வீதியில் பார்த்தால் எரத்னவும் பலாபத்தலவும் கொழும்புக்குக் கிட்ட. அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிட்ட வருவது பஸ், ஏற்றமோ இரண்டு மடங்குக்குக் கிட்ட. ஆரம்ப இடம் தாழ்வு, காடு அடர்த்தி, கடைகள் குறைவு, அட்டை அதிகம்.

1344இல் இந்த மலைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா அப்போதே இரண்டு பாதைகளைச் சொல்லியிருக்கிறார், ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி, அதாவது ஆதம் வழியும் ஹவ்வா வழியும். மாமா வழி இலேசானதாம், அதால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எண்ண மாட்டார்களாம். நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம். முதல்முறை நல்லதண்ணியால் ஏறி நல்லதண்ணியாலேயே இறங்குங்கள்.

அவர் எழுதிய இன்னொரு விஷயம் இன்றைக்கும் உதவும். அட்டை கடித்தால் பிழிய ஆட்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்தார்கள் என்கிறார். தேயிலைத் தோட்டத்து அக்காமார் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போவதும் இதற்குத்தான். நல்லதண்ணி வழியில் காய்ந்த நாட்களில் அட்டை அவ்வளவாக இல்லை. மழை பெய்த மறுநாள் என்றால் காலுறைக்கு மேல் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். கடித்தால் இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் அதன் வாயை மெல்லச் சுரண்டி எடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

பையில் என்ன

கொழும்புக்காரர் குளிருக்கு உடுப்பு எடுக்கச் சொன்னால் சிரிப்பார். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். கொழும்பில் விடியற்காலை 25 பாகை என்றால் உச்சியில் 10 அல்லது 11. அதோடு காற்று. அதோடு உங்கள் வியர்வை. நனைந்த பருத்தி உடுப்புத்தான் அங்கே எதிரி.

ஏறும்போது மெல்லிய ரீசேட் ஒன்று போதும், குளிர்கிறதே என்று தொடக்கத்திலேயே ஜக்கெட்டைப் போட்டால் உள்ளுக்குள் குளித்துவிடுவீர்கள். இன்னொரு காய்ந்த பெனியனும் ரீசேட்டும் பையில், பைக்குள் தண்ணீர் போகாதபடி சுற்றி இருக்க வேண்டும். கடைசி ஏற்றத்துக்கு முன் வரும் ஏதாவதொரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி மாற்றிக்கொண்டு, அதற்கு மேல் ஜக்கெட்டைப் போடுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தால் உச்சியில் நடுங்க மாட்டீர்கள். ஜக்கெட்டுக்குப் பெரிய கடை தேட வேண்டாம், புறக்கோட்டை நடைபாதையில் கிடைப்பது போதும், காற்றை மறித்தால் சரி. காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று. தடித்த காலுறை இரண்டு சோடி, ஏனென்றால் உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், அந்த விடியற்காலையில் சீமெந்துத் தரை ஐஸ் போல இருக்கும்.

சப்பாத்து புதிதாக வாங்கினால் ஒரு மாதமாவது போட்டுப் பழகுங்கள். அடிப்பாகம் தேயாததாக, கால்விரல் முன்னால் இடிக்காததாக இருக்கட்டும். இறங்கும்போது விரல் நகம் முட்டி முட்டிக் கறுத்துப் போகும், அதனால் முதல்நாள் நகத்தை வெட்டிவிடுங்கள். பாட்டா செருப்போடு ஏறுபவர்களைப் பார்ப்பீர்கள், அவர்கள் அதில் பழகியவர்கள்.

டோர்ச் கட்டாயம், விளக்கு இருந்தாலும் மின்சாரம் போகும். மழை மேலங்கி எடுங்கள், குடை வேண்டாம், காற்று பறித்துவிடும். தண்ணீர் ஒன்றரை லீற்றர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனி ஒரு பாக்கெட், எள்ளுருண்டை, வாழைப்பழம், கொஞ்சம் கடலை. வலிக்குப் பூசும் சித்தாலேபவை நான் சொல்லாமலே அம்மா வைத்துவிடுவார். மழையிலும் கிழியாத சின்னப் பை ஒன்று குப்பைக்கு. நீங்கள் ஏறுவது உலக மரபுரிமையாக 2010இல் அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி, ஒரு பிஸ்கட் உறைகூட அங்கே விழக்கூடாது. மதுபானத்துக்கும் அங்கே இடமில்லை.

கொழும்பிலிருந்து நல்லதண்ணி

கோட்டையிலிருந்து பதுளைக் கோச்சியில் ஹட்டன் வரை போகலாம், அழகான பயணம், ஐந்து ஆறு மணிநேரம். மண்சரிவால் மலையகப் பாதை தடைப்படுவது உண்டு, அதனால் புறப்படும் வாரத்தில் சேவை ஓடுகிறதா என்று ரயில் நிலையத்தில் கேளுங்கள். பஸ்ஸென்றால் புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் பஸ். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை என்று ஏறும். கித்துல்கலைக்குப் பிறகு வளைவுகள், வயிறு குமட்டுபவர்கள் முன் ஆசனம் பிடித்து எலுமிச்சை இலையைக் கையில் வைத்திருங்கள். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல், பருவ காலத்தில் பஸ் தொடர்ந்து ஓடும்.

பகலில் போனால் மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் மூழ்கியது. நீர்மட்டம் இறங்கும் வறண்ட நாட்களில் பழைய கோயிலின் சிதைவுகள் வெளியே தெரியும். 

பிற்பகல் மூன்று நான்கு மணிக்குள் நல்லதண்ணிக்குப் போய், சோறு சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுத்துவிடுங்கள். பஸ்ஸால் இறங்கிய உடனே ஏறத் தொடங்குபவர்கள் பலர். தூக்கமில்லாத கால் இறங்கும்போது தடுமாறும், அதனால் நான் அதை ஆதரிப்பதில்லை.

ஏற்றம்

சித்திரையில் சூரியன் ஆறு மணிக்கு மேல் உடனே வந்துவிடும், பங்குனித் தொடக்கத்தில் ஒரு கால் மணிநேரம் பிந்தும். உச்சிக்கு ஐந்தரைக்குப் போனால் போதும். பயிற்சி செய்தவருக்கு மூன்று மூன்றரை மணிநேரம். ஆகவே கூட்டமில்லாத நாளில் இரவு இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். கூட்ட நாளில் மாட்டிக்கொண்டால் பதினொன்றுக்கே.

முதல் பகுதி தேயிலைக்குள்ளால் இலேசான நடை. மகர தோரணம் என்ற அலங்கார வாயில் வரும், அப்புறம் ஜப்பானிய பிக்குமார் கட்டிய வெண்ணிறச் சமாதான தூபி. இந்த இடத்தில்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேசிக்கொண்டு போக முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். சீத கங்குல ஓடையில் முகம் கழுவுங்கள், நெற்றிப்பொட்டு வரை குளிர் ஏறும். அதன் பிறகு படி செங்குத்தாகத் தொடங்கும். இந்திக்கட்டுபானவில் யாத்திரிகர்கள் ஊசியும் நூலுமாக நிற்பார்கள், வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், அதை மிதிக்காமலும் அறுக்காமலும் போங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் நின்றுகொண்டே ஓய்வெடுங்கள். உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். கடையில் இஞ்சித் தேத்தண்ணி குடிக்க ஒரு நிறுத்தம், உடுப்பு மாற்ற ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். கடைசியில் மகாகிரிதம்ப. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தே ஏற வேண்டிய செங்குத்து. மேலே பார்க்காதீர்கள், அடுத்த பத்துப் படியை மட்டும் பாருங்கள்.

எதிரே இறங்கி வருபவர்கள் "கருணாவை" என்பார்கள். கருணை உண்டாகட்டும் என்ற வாழ்த்து. நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள். சிவன் பாதமென்று ஏறுபவரும், புத்தர் பாதமென்று ஏறுபவரும், ஆதம் நபியின் பாதமென்று ஏறுபவரும் ஒரே படியில் மூச்சு வாங்குகிறார்கள், அந்த ஒரு சொல் எல்லோருக்கும் போதுமானதாக இருக்கிறது.

தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் ஏறுவதை நிறுத்தி, வழியிலுள்ள பொலிஸாரிடமோ கடைக்காரரிடமோ சொல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை இலவசம், ஆனால் அது வீதி வரைதான் வரும், மலையிலிருந்து ஆட்கள்தான் தூக்கி இறக்க வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் எடுத்து, முதல் அறிகுறியிலேயே திரும்புங்கள்.

உச்சியில்

சப்பாத்தையும் தொப்பியையும் கழற்றுங்கள், அங்குள்ள பாதச் சுவட்டைப் படம் எடுக்காதீர்கள். எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை தடவை மணி அடிப்பது வழக்கம், உங்களுக்கு ஒன்று. எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சூரியன் கொஞ்சம் மேலெழுந்ததும் நீங்கள் மேற்குப் பக்கம் வாருங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாகக் கீழே மேகத்தின் மேலும் காட்டின் மேலும் விழுந்து கிடக்கும். சில நிமிடங்கள்தான், பிறகு சுருங்கிக் கரைந்துவிடும். மேகம் மூடிய நாளில் அது கிடையாது.

இறக்கம்

ஏழு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். ஏழரையைத் தாண்ட வேண்டாம். முதலில் ஜக்கெட்டைக் கழற்றி, சப்பாத்துக் கயிற்றை இறுக்கி, இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும். ஜீவனியைக் கரைத்துக் குடிக்க வேண்டிய நேரம் இது.

முழங்காலைச் சற்று மடித்தே வைத்திருங்கள், நேராக நீட்டிக் குதிக்காதீர்கள். மிகச் செங்குத்தான படிகளில் உடம்பைச் சாய்வாகத் திருப்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பாதம் முழுவதும் படியில் படும்படி வையுங்கள். அரை மணிநேரத்துக்கு ஒரு தடவை எந்தப் பக்கம் திரும்பி இறங்குகிறீர்கள் என்பதை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரே முழங்கால் எல்லாப் பாரத்தையும் வாங்கும். ஒரு தடி இருந்தால் பெரிய உதவி. படியோரத்தில் பச்சையாகத் தெரிவது பாசி, அதில் மிதிக்காதீர்கள். தொடை நடுங்கினால் நில்லுங்கள், நடுக்கம் நின்ற பிறகு தொடருங்கள். பின்னால் ஓடிவருபவருக்கு வழி விடுங்கள், அவர் வேகம் உங்களுடையது அல்ல. குறுக்குப் பாதையென்று யாராவது காட்டினாலும் படியை விட்டு இறங்காதீர்கள். அந்தக் காடு சிறுத்தை வாழும் காடு, வழி தவறினால் தேடிக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குக் குறைந்தால் மின்னல் பத்து கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உடனே கம்பியிலிருந்து கையை எடுத்து, தனி மரத்தடியில் நிற்காமல், கட்டடம் ஒன்றுக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணிநேரம் வரை வெளியே வராதீர்கள். ஏழு மணிக்கு இறங்கியிருந்தால் பெரும்பாலும் இதற்குத் தேவை வராது. பத்துப் பதினொரு மணிக்கு நல்லதண்ணியில் சூடாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், மேகம் உங்களுக்குப் பின்னால்தான் கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே இருப்பில் உட்காராமல் பாதத்தை மடக்கி நீட்டிக்கொண்டே வாருங்கள். வலி அன்றைக்கு வராது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சம், படியிறங்கவும் கதிரையில் உட்காரவும் கஷ்டமாக இருக்கும். அதனால் வேலை நாளில் மலை ஏறினாலும், அடுத்த நாள் காலையில் முக்கியமான எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் மெல்ல மாடிப்படி ஏறிப் பாருங்கள், இறுக்கம் விடத் தொடங்கும். முழங்கால் வீங்கியிருந்தாலோ ஒரு வாரத்துக்குப் பிறகும் குத்தினாலோ சித்தாலேபவோடு நிறுத்தாமல் வைத்தியரைப் பாருங்கள்.